திறந்தவெளி இசைப்பதிவும் திணை அளவுகோலும்

இசைப்பதிவு ஒன்றை மதிப்பிடப் புகுவோர் பெரும்பாலும் இரண்டு வினாக்களோடு நின்றுவிடுகின்றனர். வாசித்தவர் நன்றாக வாசித்தாரா என்பது ஒன்று. ஒலி தெளிவாக இருக்கிறதா என்பது மற்றொன்று. அரங்கினுள் எடுத்த பதிவுக்கு இவ்விரண்டும் போதும். திறந்தவெளியில் எடுத்த பதிவுக்குப் போதா. அங்கே தெளிவு என்னும் சொல்லுக்கே பொருள் மாறிவிடுகிறது. காற்றும் கூட்டமும் இரவுப் பூச்சிகளும் இல்லாமல் ஒலிக்கும் திறந்தவெளிப் பதிவைத் தெளிவானது என்று புகழ்வதா, உண்மையை மறைத்தது என்று குறை கூறுவதா? இவ்வினாவுக்கு விடை காண ஓர் அளவுகோல் உண்டு. தமிழாசிரியர் கையில் நெடுங்காலமாக இருந்து வரும் அளவுகோல் அது. அதனை உரிய இடத்தில் எடுப்போம்.

இவ்வாராய்ச்சி எழுந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஒரு கேசட் இருக்கிறது. கோலசிலாங்கூர் மாவட்டத்தில், 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு உள்ளே இருந்த ஒரு தோட்டத்தில், 1980களில் மாரியம்மன் திருவிழா இரவொன்றில் பதிவானது. என்னிடம் படித்த மாணவர் ஒருவர் அதனைக் கணினிக்கு மாற்றித்தர முன்வந்தார். "சார், இரைச்சலை எல்லாம் எடுத்துவிடலாம். நாகசுரமும் தவிலும் மட்டும் தனியாக நிற்கும்" என்றார். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்டபோது ஒழுங்கான விடை என் வாயில் வரவில்லை. பழசின் மேல் உள்ள பற்று என்று அவர் நினைத்திருக்கக்கூடும். அந்த விடையைத் தேடிப் போன வழியில்தான் பியானோ குறுக்கிட்டது.

தோட்டத்துக் கோயில் கேசட்டுக்கும் பியானோவுக்கும் என்ன உறவு என்று அன்பர்கள் வியக்கலாம். உறவு இதுதான்: திறந்தவெளியில் மிகுதியும் துன்புறும் கருவி பியானோ, மிகக் குறைவாகத் துன்புறுவது நாகசுரம். நோயை அறிய வேண்டுமானால் நோயாளியிடம் போக வேண்டும் அல்லவா? வெளியில் இசையைப் பதிவு செய்வதிலுள்ள சிக்கல்கள் அனைத்தும் பியானோ கான்செர்ட்டோவில் வெளிப்படையாகத் தெரிந்துவிடும்.

கான்செர்ட்டோ என்பது தனிக்கருவி ஒன்றும் பெரிய வாத்தியக் குழு ஒன்றும் எதிரெதிர் நின்று உரையாடும் இசைவகை. ஒருபுறம் பியானோ ஒன்று. மறுபுறம் அறுபது, எழுபது, சிலவேளை தொண்ணூறு பேர். இந்த உரையாடல் சமநிலையில் நடப்பதற்கு அரங்கின் சுவர்களே துணை. பியானோ வீட்டுக்குள் பிறந்த கருவி. ஏறத்தாழ 1700ஆம் ஆண்டில், இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், மெடிச்சி குடும்பத்தாரின் அரண்மனைப் பணியில் இருந்த கிரிஸ்டோபோரி என்பவர் அதனை ஆக்கினார். 88 கட்டைகளும் இருநூறுக்கு மேற்பட்ட தந்திகளுமாக அது வளர்ந்த பின்னரும் அறையை விட்டு அகலவில்லை. ஒருபுறம் தூக்கி நிறுத்திய அதன் மூடி ஒலியைக் கேட்போர் பக்கம் திருப்பிவிடுகிறது. அவ்வொலி சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பிவந்து, அடித்த சுரத்தின் வாலை நீட்டுகிறது. பியானோவின் சுரம் பிறந்த கணமே தேயத் தொடங்குவது. வயலினைப் போலவோ நாகசுரத்தைப் போலவோ அதனை ஊட்டி வளர்க்க முடியாது. தேயும் சுரத்தைத் தாங்கிப் பிடிப்பவை சுவர்களே. கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரத்தின் அடியில் 1998இல் திறக்கப்பட்ட பில்ஹார்மோனிக் அரங்கில் ஒரு முறை பியானோ கேட்டவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

சுவரை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? தொலைவு இரட்டிக்குந்தோறும் ஒலியின் அழுத்தம் பாதியாகக் குறையும். கீழ்ச்சுரங்கள் மெலியும். சுரத்தின் வால் அறுந்துபோகும். காற்று ஒருபுறமாக வீசினால் ஒலியும் சாய்ந்து போகும். இவை போதாவென்று வெப்பமும் தன் பங்கைச் செய்கிறது. மாலையில் காற்றுக் குளிரக் குளிர, பியானோவின் எஃகுத் தந்தி இறுகிச் சுருதி மேலே ஏறும். குழல் கருவிகளிலோ உள்ளிருக்கும் காற்றுக் குளிர்ந்து சுருதி கீழே இறங்கும். ஒரே மேடையில் ஒன்று ஏறவும் மற்றொன்று இறங்கவுமானால் கேட்பவர் காது என்ன பாடுபடும்! மழைக்கு முந்திய நம்மூர் மாலையில் தம்புராவை வெளியே கொண்டுவந்து வைத்தவர்க்கு இத்துன்பம் ஓரளவு பழக்கமே.

ஆதலால் பதிவு செய்வோர் ஒலிவாங்கிகளைக் கருவிகளின் அருகே கொண்டுபோய்விடுகின்றனர். பியானோவின் மூடிக்குள்ளேயே இரண்டு, வயலின் வரிசைக்கு நாலைந்து, குழல்களுக்கு வேறு. பக்கத்தில் வைத்தால் காற்றின் தொல்லை குறையும். கூட்டத்தின் இருமலும் கேட்காது. ஆனால் பக்கத்தில் வைத்த ஒலிவாங்கிக்கு இடம் என்பது தெரியாது. அது காதைச் சுரத்தின் மேலேயே ஒட்டவைத்துவிடுகிறது. பின்னர் அக்குறையை மறைக்க, இல்லாத மண்டபம் ஒன்றின் முழக்கத்தைக் கருவியால் உண்டாக்கிச் சேர்ப்பார்கள். வானத்தின் கீழ் வாசித்த இசை, கட்டப்படாத ஓர் அரங்கில் வாசித்ததாக நம் வீட்டுக்கு வந்து சேரும்.

இரண்டு பதிவுகளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலாவது 1937ஆம் ஆண்டினது. அமெரிக்க இசைஞர் ஜார்ஜ் கெர்ஷ்வின் அவ்வாண்டு ஜூலை 11இல், தம் 38ஆம் வயதில் மறைந்தார். செப்டம்பர் 8ஆம் நாள் அவர் நினைவாக லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஹாலிவுட் பவுல் என்னும் மலைச்சரிவு அரங்கில் நிகழ்ச்சி நடந்தது, வானொலியிலும் ஒலிபரப்பாயிற்று. கெர்ஷ்வின் 1925இல் ஆக்கிய பியானோ கான்செர்ட்டோவை, அவருடைய நண்பர் ஆஸ்கார் லெவன்ட் வாசித்தார். அந்த ஒலிபரப்பு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. ஒலித்தரம் என்று இக்காலத்தார் சொல்லுவதை வைத்துப் பார்த்தால் அதற்குத் தேர்ச்சி மதிப்பெண்கூடக் கிடைக்காது. உச்ச ஒலிகள் இல்லை; தட்டின் உராய்வு விடாமல் கேட்கிறது; குழு முழுவதும் சேர்ந்து எழும்போது எல்லாம் கலங்கிப்போகிறது. ஆனாலும் இரண்டாம் பகுதியில், எக்காளம் தனியே துயரத்தோடு பாடும் இடத்தில், அது மேடையில் ஓரிடத்திலும் பியானோ வேறோரிடத்திலும் இருப்பதையும், இரண்டுக்கும் மேலே கூரை இல்லாததையும் நான் உணர்கிறேன். நண்பனை இழந்து இரண்டு திங்கள் ஆகாத ஒருவர் அவனுடைய இசையை இரவு வானின் கீழே வாசிக்கிறார் என்பது தெரிந்து கேட்பதால் வரும் மயக்கமோ இது என்று என்னையே ஐயுற்றதும் உண்டு. முழுக்க மயக்கமன்று. ஒலிவாங்கிகள் குறைவாக இருந்த காலம் அது. அதனால் இடம் பிழைத்தது.

இரண்டாவது 2009ஆம் ஆண்டினது. பெர்லின் நகரத்து வால்ட்பியூனே, 1936 ஒலிம்பிக் விளையாட்டுகளுக்காகக் காட்டுப் பள்ளத்தில் அமைத்த திறந்தவெளி அரங்கு. இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரலாம். பெர்லின் பில்ஹார்மோனிக் குழு கோடைதோறும் அங்கே வாசிக்கும். அவ்வாண்டு சைமன் ராட்டில் நடத்த, ரக்மானினோவின் மூன்றாம் பியானோ கான்செர்ட்டோவை யெபிம் பிரான்ப்மன் வாசித்தார். 1909இல் எழுதிய இந்தக் கான்செர்ட்டோ எவ்வளவு கடினமானதென்று பெயர் பெற்றதோ, அவ்வளவுக்கு அதன் தொடக்கம் எளியது. குழு மெல்ல அசைந்துகொண்டிருக்க, இரு கைகளும் ஒரு ஸ்தாயி இடைவெளியில் ஒரே மெட்டைத் தாலாட்டுப்போல் வாசித்துச் செல்லும். அவ்வளவு மெல்லிய தொடக்கத்தை இருபதாயிரம் பேர் இருக்கும் காட்டில் எப்படிப் பதிவு செய்வது? பதிவாளர்கள் அதனை வென்றுவிட்டார்கள். ஒவ்வொரு விரலும் கேட்கிறது. தந்திகளின் சமநிலை குற்றம் சொல்ல இடமில்லாதது. வாசிப்பைப் பற்றியும் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிரான்ப்மனின் இடக்கை அடுக்கும் கனத்த சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதாமல் நிற்கின்றன.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நான் எங்கே இருக்கிறேன்? ஏதோ ஒரு நல்ல மண்டபத்தில். அது பெர்லின் காடு என்று எனக்குத் தெரிவது இசை நின்று கைதட்டல் எழும்போதுதான். நிகழ்ச்சியின் கடைசியில் ஒவ்வோராண்டும் வாசிக்கும் பெர்லின் நகரப் பாட்டுக்குக் கூட்டத்தார் சீட்டியடிக்கிறார்களே, அப்போது திடீரென்று கூரை பறந்துபோகிறது. ஒரே பதிவுக்குள் இரண்டு இடங்கள்! கான்செர்ட்டோ ஓரிடத்தில் நடந்தது. மக்கள் வேறிடத்தில் இருந்தனர். இதனைக் குற்றமென்று பதிவாளர் தலையில் சுமத்துவது முறையன்று. பியானோ தன் இயல்பால் மண்டபத்தைக் கேட்கிறது. அவர்கள் அதற்கு ஒரு மண்டபத்தைக் கொடுத்தார்கள். கொடுத்ததன் விலை என்ன என்பதே நாம் கேட்க வேண்டியது.

இனி நம் கருவிக்கு வருவோம். நாகசுரம் இதற்கு நேர் எதிரானது. ஆச்சா மரத்தில் கடைந்து, அடியில் அணசு பொருத்திய இக்கருவி தெருவுக்கும் திடலுக்கும் கோபுர வாயிலுக்கும் உரியது. தஞ்சை வட்டாரத்து நரசிங்கம்பேட்டையில் ஆக்கப்படும் நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உடன் வரும் தவிலோ பலாமரத்தில் குடைந்தது. ஒருபக்கம் கோலாலும் மறுபக்கம் கூடணிந்த விரல்களாலும் அடிபடுவது. சுவாமி புறப்படும்போது மல்லாரி ஒலித்தால் அடுத்த தெருவில் சமைத்துக்கொண்டிருப்பவர்க்கும் செய்தி போய்ச் சேர வேண்டும். அக்கருவியின் தொழிலே அது. வாசிப்பவர் நடந்துகொண்டே வாசிப்பார். கேட்பவர் நிற்கும் இடத்துக்கு இசை வரும், முழங்கும், கடந்து போகும். தொலைவிலிருந்து நெருங்கிவரும் நாகசுரத்தின் சுவை ஒரு தனிச்சுவை. எந்த மண்டபமும் அதனைத் தாராது.

இக்கருவி பதிவு உலகத்துக்குள் புகுந்தபோது பட்ட துன்பம் பியானோவின் துன்பத்தைத் தலைகீழாக்கியது போன்றது. டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தோடியை மணிக்கணக்கில் விரிக்க வல்லவர் என்று பெயர் பெற்றவர். தாழ்ந்த சுருதியுடைய பாரி நாகசுரத்துக்குப் பெருமை தேடித் தந்தவரும் அவரே. அவருடைய தோடியை மூன்று நான்கு நிமிடமே ஓடும் கிராமபோன் தட்டின் பக்கத்துக்குள் அடைத்தனர். நேரத்தைக் குறுக்கியதைப் பற்றிப் பலரும் வருந்தியிருக்கின்றனர். இடத்தைக் குறுக்கியதைப் பற்றி வருந்தியவர் குறைவு. தெருவை நிறைக்கும் மூச்சு, சிறு அறைக்குள் ஒரு கருவியின் வாய்முன் அடங்கிப்போயிற்று. அடக்கியும் அது அடங்காமல் தெறிப்பதே அத்தட்டுகளின் பெருமை. அது பிள்ளையின் பெருமை, பதிவின் பெருமையன்று.

1968இல் வந்த தில்லானா மோகனாம்பாள் படத்தில் இவ்விரிசல் கண்ணுக்கே தெரியும். திரையில் சிவாஜி கணேசன் கூட்டத்தின் நடுவே வாசிக்கிறார். நாம் கேட்பதோ மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்தது. வாசிப்பு உயர்ந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் கண் ஓரிடத்திலும் காது வேறிடத்திலும் இருக்கின்றன. நம்மில் பெரும்பாலோர் நாகசுரம் என்றாலே இன்று அந்தக் கூடத்து ஒலியைத்தான் நினைத்துக்கொள்கிறோம். திருமணத்தில் தட்டை வைத்துவிட்டுப் போகும் காலத்தில் வேறெதை நினைப்பது?

இப்போது அளவுகோலை எடுக்கலாம். தொல்காப்பியர் பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார் என்பதை இவ்விதழைப் படிப்போர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்நிலத்தில் உள்ளவை: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் ஆகியன. பறையும் யாழும் அந்தப் பட்டியலிலேயே நிற்கின்றன என்பதைப் பாடம் நடத்தும்போது நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். நிலத்துக்கொரு பறை, நிலத்துக்கொரு யாழ். குறிஞ்சிக்குத் தொண்டகம், பாலைக்குத் துடி என்று பின்வந்தோர் பெயர் குறித்தனர். இசைக்கருவியின் ஒலி நிலத்தோடு சேர்ந்த பொருள் என்று கருதியவர்கள் நம் முன்னோர். மண்டபத்து இசையையும் அவர்கள் அறியாதவர் அல்லர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, ஏழு கோல் அகலமும் எட்டுக்கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடைய அரங்கைச் சொல்லுகிறது. தூணின் நிழல் விழாதவாறு விளக்கு வைப்பதையும் சொல்லுகிறது. ஆகவே அரங்கும் நமதே, வெளியும் நமதே. இரண்டையும் ஒன்றாகக் குழப்பாமல் வைத்திருந்தனர்.

இம்மூன்றையும் திறந்தவெளிப் பதிவுக்குப் பொருத்திப் பாருங்கள். உரிப்பொருள் இசை. முதற்பொருள், அவ்விசை நிகழ்ந்த இடமும் வேளையும். கேட்கும்போதே இது வெளி, இது இரவு என்று காது அறிய வேண்டும். கருப்பொருள், அவ்விடத்துக்கு உரிய ஒலிகள்: சில்வண்டு, தவளை, மணி, கூட்டத்தின் முணுமுணுப்பு, குழந்தையின் அழுகை. மூன்றனுள் உரியே சிறந்தது என்பது மரபு. ஆகவே கருப்பொருள் உரிப்பொருளை மூழ்கடித்தால் அந்தப் பதிவு தவறியது. தவளைக்காக யாரும் நாகசுரக் கச்சேரி கேட்பதில்லை. ஆனால் முதலும் கருவும் முற்றும் துடைக்கப்பட்டால் அதுவும் தவறியதே.

இங்கே ஒரு தடை எழும். அப்படியானால் எல்லா இரைச்சலும் கருப்பொருளா? காற்று ஒலிவாங்கியில் மோதி 'தொம், தொம்' என்று இடிப்பதும் கருவா? அன்று. இதற்கு நான் வைத்துக்கொண்டிருக்கும் சோதனை ஒன்று உண்டு: அன்று அங்கே அமர்ந்திருந்த ஒருவர் காதில் அந்த ஒலி விழுந்திருக்குமா? விழுந்திருக்குமானால் அது கருப்பொருள். கருவியின் காதில் மட்டும் விழுந்ததானால் அது குற்றம். சில்வண்டு மனிதனுக்குக் கேட்டது. ஒலிவாங்கியின் சவ்வில் காற்று மோதிய இடி எந்த மனிதனுக்கும் கேட்கவில்லை. நாடாவின் சீறல், மின்சாரத்தின் உறுமல், தட்டின் கீறல் ஆகியவையும் அவ்வாறே. இந்தக் கோட்டைக் கிழித்துக்கொண்டால் கெர்ஷ்வின் நினைவுப் பதிவின் உராய்வைக் குறைக்கலாம், இடத்தைத் தொடக்கூடாது என்பது தெளிவாகும். வால்ட்பியூனே பதிவில் கருவியின் குற்றம் எதுவுமே இல்லை, அந்தக் கோடை இரவும் இல்லை என்பதும் தெளிவாகும்.

இனிக் கேசட்டுக்குத் திரும்புவோம். தோட்டத்து இரவைப் பற்றி ஒரு செய்தி சொன்னால்தான் அது விளங்கும். பகலில் பக்கத்துத் தோட்டத்துக் கோயில் ஒலிபெருக்கி நமக்குக் கேட்காது. இரவு பத்து மணிக்கு மேல் அதே ஒலிபெருக்கியின் பாட்டு வரி வரியாகக் கேட்கும். ஊர் அடங்கியதால் மட்டும் இது நிகழ்வதில்லை. பகலில் தரை சூடாகி, ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடுகிறது. தெளிந்த இரவில் தரை முதலில் குளிர்ந்து, அதனை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிட, மேலே சென்ற ஒலி வளைந்து மீண்டும் தரைக்கு வருகிறது. ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் லயத்து வாசலில் கயிற்றுக்கட்டில் போட்டுப் படுத்தவர்கள் இந்த அறிவியலைப் பெயர் தெரியாமலே அனுபவித்தவர்கள். "இன்றைக்கு அவங்க கோயிலில் பத்தாம் நாள்" என்று படுத்தபடியே சொல்லிவிடுவார்கள்.

அக்கேசட் பந்தல்கால் ஒன்றில் கட்டித் தொங்கவிட்ட சிறு கருவியில் பதிவானது. முதலில் கரகரப்பிரியா ஆலாபனை. குழு பெயர் பெற்றதன்று. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வாசித்து வந்தவர்கள். மேல் ஸ்தாயியில் நாகசுரக்காரரின் மூச்சு இரண்டிடத்தில் தளர்வதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ரிஷபத்தை அசைத்து நிறுத்தும் இடத்தில் அவர் அவசரப்படவே இல்லை. முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் மறுநாள் ஐந்து மணிக்குப் பெரட்டுக்குப் போக வேண்டியவர்கள். அப்படியிருந்தும் அவர் அவசரப்படவில்லை.

பதிவைப் பற்றிச் சொன்னால், அது முதற்பொருளிலும் கருப்பொருளிலும் செல்வம் நிறைந்தது, உரிப்பொருளில் ஊனமுற்றது. ஊனம் கருவியால் வந்தது. அக்காலத்துச் சிறு கேசட் கருவிகளில் ஒலியளவைத் தானே கூட்டிக் குறைக்கும் ஓர் அமைப்பு உண்டு. தவில் ஓங்கி விழுந்ததும் கருவி அஞ்சி ஒலியைக் குறைத்துக்கொள்ளும். உடன் நாகசுரமும் குழிக்குள் விழுந்ததுபோல் தாழ்ந்துவிடும். தவில் ஓய்ந்ததும் மெல்ல மெல்ல ஒலியைக் கூட்டும். அப்போது சில்வண்டுக் கூட்டம் அலைபோல் எழுந்து வரும். தனி ஆவர்த்தனம் முழுவதும் இப்படியே: அடி, குழி, சில்வண்டு, அடி, குழி, சில்வண்டு. அன்று அங்கிருந்தவர் எவர்க்கும் சில்வண்டு அப்படித் தாளத்துக்கு ஏறி இறங்கிக் கேட்டிருக்காது. ஆகையால் என் சோதனைப்படி அது குற்றமே. அந்த ஏற்ற இறக்கத்தை ஒருவர் பொறுமையோடு சமன்செய்து தருவாரானால் தடை சொல்லமாட்டேன்.

குழாய் ஸ்பீக்கரைப் பற்றி எனக்கு இரண்டு மனம். அக்கோயிலில் ஒன்று பந்தல் முகப்பிலும் மற்றொன்று லயத்துப் பக்கம் மரத்திலும் கட்டியிருந்தது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் செல்வது. நூறு மீட்டருக்கு அப்பால் உள்ள குழாயிலிருந்து வந்து சேர நொடியில் மூன்றிலொரு பங்கு ஆகும். எனவே ஒவ்வொரு பிடியும் இருமுறை கேட்கிறது. கூச்சலிடும் அந்தத் தகரக் குழாயை நான் விரும்பியதே இல்லை. நாகசுரத்துக்கு ஒலிபெருக்கி வைப்பது யானைக்கு ஊன்றுகோல் கொடுப்பது போன்றது. என்றாலும் அங்கிருந்தவர் அனைவரும் கேட்டது அதைத்தான். நான் வகுத்த சோதனையே என்னை மடக்கிவிட்டது. குழாயும் கருப்பொருள் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

மாணவர் சொன்ன இரைச்சல் நீக்கம் எப்படி வேலை செய்கிறது என்பதையும் அன்பர்கள் அறிந்துவைத்திருப்பது நல்லது. இசை இல்லாத சில நொடிகளை அதற்குக் காட்ட வேண்டும். அதில் உள்ளது இரைச்சல் என்று அது கற்றுக்கொண்டு, பதிவு முழுவதிலிருந்தும் அதனைக் கழிக்கும். நாடாவின் சீறலோடு சில்வண்டும் போகும். சில்வண்டின் உயரத்திலேயே தவில் கூட்டின் 'டக்' என்னும் தெறிப்பும் சீவாளியின் கூர்மையும் வாழ்கின்றன. அவற்றிலும் ஒரு பகுதி போகும். மிஞ்சுவது தண்ணீருக்குள்ளிருந்து வாசிப்பது போன்ற ஒரு நாகசுரம். இலேசாகப் பயன்படுத்தினால் தீங்கு குறைவு என்பர், உண்மைதான். ஆனால் முதலில் மாற்றிய படியைத் தொடாமல் அப்படியே வைத்துவிட்டு, வேறொரு படியில் அந்தக் கைவேலையைச் செய்யலாம். இதைக்கூடச் செய்யாமல், 'சுத்தம் செய்த' படியை வைத்துக்கொண்டு நாடாவைக் குப்பையில் எறிந்த வீடுகளை நான் கண்டிருக்கிறேன். பள்ளி அலமாரிகளில் பெயர் எழுதாத கேசட்டுகள் கிடந்தால், ஆசிரியர்கள் அவற்றின் மேல் தோட்டத்தின் பெயர், கோயில், ஏறத்தாழ எந்த ஆண்டு என்ற மூன்றையாவது எழுதிவைக்க வேண்டுகிறேன். சொல்ல வல்லவர்கள் இன்னும் சிலர் இருக்கின்றனர்.

ஏனெனில் முதற்பொருளே இங்கே மறைந்து வருகிறது. கோலசிலாங்கூரின் கடலோரம் நெய்தல். தஞ்சோங் காராங் முதல் சபாக் பெர்ணம் வரை நெல்வயல், ஐயமின்றி மருதம். உள்ளே இருந்த கித்தாக் காட்டை எத்திணையில் சேர்ப்பது என்று வகுப்பில் மாணவர் கேட்டு நான் விழித்ததுண்டு. நட்ட காடு முல்லையாகுமா? அக்காடும் செம்பனையாக மாறிவிட்டது. பிரெஞ்சு எழுத்தாளர் ஆன்றி போகோனியே 1917இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை நட்ட இடம் இங்கேதான்; அதன் பெயர் தென்னமரம் தோட்டம் என்பது ஒரு வேடிக்கை. வரிசையாக நின்ற கித்தா மரங்களின் இடைவெளியில் ஒலி ஓடிய விதம் வேறு, அடர்ந்த செம்பனை மட்டைகளுக்குள் அது மடங்கும் விதம் வேறு. லயங்கள் பல இடிக்கப்பட்டன. வடக்கே மேரி, மிஞ்ஞாக், நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் ஆகிய தோட்டங்களின் குடும்பங்கள் வீட்டுக்காகப் பல்லாண்டு காத்திருந்த கதையை இந்நாட்டுத் தமிழர் அறிவர். அந்நிலங்களின் இரவு எப்படி ஒலித்தது என்பதற்கு வேறு சான்று எங்கே இருக்கிறது?

கேசட்டின் இரண்டாம் பக்கத்தில், மங்களத்துக்குச் சற்று முன்பு, நாகசுரக்காரர் சீவாளியை மாற்றுகிறார். அரை நிமிடம் இசை இல்லை. தவில்காரர் வாரை இழுத்துக் கட்டும் ஒலி கேட்கிறது. யாரோ ஒருவர் தேநீர் கேட்கிறார். கருவி தன் வழக்கப்படி மெல்ல மெல்ல ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறது. சில்வண்டுகள் எழுகின்றன. அவற்றுக்கும் பின்னால், வெகு தொலைவில், இன்னொரு நாகசுரம் கேட்கிறது. ஆற்றுக்கு அப்பாலுள்ள தோட்டத்திலும் அன்று திருவிழா. அங்கே இப்போது லயமும் இல்லை, கோயிலும் இல்லை. இரைச்சல் நீக்கும் கருவிக்கு 'இசை இல்லாத இடம்' என்று மாணவர் காட்ட எண்ணியிருந்தது அந்த அரை நிமிடத்தைத்தான்.